கிணற்றுச் சுவரில் பழைய மழை

மழையைப் பற்றித் தெரிந்துகொள்ள மதுரைக்குப் போகிறேன் என்று சொன்னபோது ஈப்போவில் சிரிக்காதவர்களே இல்லை. எங்கள் மலேசிய ஊரில் சாயங்காலம் ஆனால் கேட்காமலே கொட்டும். "வாசலில் கொட்டுவதை விட்டுவிட்டு, மூன்று வருடமாக வானம் பொய்த்த ஊருக்கு மழை பார்க்கவா போகிறாய்?" என்றார் என் அண்ணன். குடையை எடுத்துப் பையில் வைக்கப் போனவளைத் தடுத்து, தொப்பி ஒன்றைத் திணித்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நான் தேடிப் போனது பழைய மழையை. ஈப்போவைச் சுற்றிலும் சுண்ணாம்பு மலைகள். அவற்றின் குகைகளுக்குள் நீர் சொட்டிச் சொட்டிக் கல் வளர்கிறது. அந்தக் கல்லை அறுத்துப் பார்த்தால், சில ஆயிரம் ஆண்டுகளில் எப்போது மழை கூடியது, எப்போது குறைந்தது என்று ஓரளவு படித்துவிடலாம். பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நான், அந்த வேலையை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கல் அறுத்துக்கொண்டிருந்தேன்.

வெப்ப நாடுகளின் மழை பூமியைச் சுற்றி ஓர் அகலப் பட்டையாகக் கிடக்கிறது. வடக்கே பனி பெருகிக் குளிர்ந்த காலங்களில் அந்தப் பட்டை தெற்கே இறங்கியது. வடக்கு சூடேறியபோது மேலே ஏறியது. குட்டைப் போர்வையைப் போர்த்திக்கொள்கிற கதைதான், தலைக்கு இழுத்தால் கால் வெளியே நிற்கும். இந்தியாவின் பெரும்பகுதிக்கு ஆடி ஆவணியில் தென்மேற்கிலிருந்து மழை வருகிறது. மதுரையோ மலைக்குப் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டு ஐப்பசி கார்த்திகைக்குக் காத்திருக்கிறது. அந்த மழை பெருத்த காலங்களில் இந்த மழை என்ன ஆயிற்று? கூடவே பெருத்ததா, இளைத்ததா? என் ஆராய்ச்சியே அந்தக் கேள்விதான்.

மதுரைச் சமவெளியில் கேட்பதற்குக் குகைக் கல் இல்லை, கண்மாய் என்று அவர்கள் சொல்லும் ஏரிகளின் மண்தான் உண்டு. கலையாமல் அடுக்கடுக்காகப் படிந்த மண் எனக்குக் கொஞ்சம் வேண்டும். கிடைக்காவிட்டால் ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றுவிடும். நான் பழையபடி சாக்பீஸைப் பிடிக்க வேண்டியதுதான். அந்தப் பயத்தோடுதான் ஓர் ஆடி மாதத்தில், இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பிறகு, மதுரையில் வந்து இறங்கினேன்.

தங்கியது சுபத்ராவின் வீட்டில். அவள் அங்கே ஒரு கல்லூரியில் நிலவியல் விரிவுரையாளர். கடிதத்தில் பழகி, நேரில் அன்றுதான் பார்க்கிறேன். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் தமிழ். அவள் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னார். "கடல் தாண்டி வந்து சேறு அள்ளப் போகிறாளாம், இந்த உடம்பில் எங்கே தெம்பு இருக்கிறது, முதலில் தட்டைப் போடு என்கிறாள்" என்று சுபத்ரா மொழிபெயர்த்தாள். தட்டில் முள்ளுமுருங்கை இலை சேர்த்த பச்சை அடை வந்தது, மேலே காரப்பொடி. கண்ணில் தண்ணீர் வந்தாலும் விடவில்லை, நான்கு தின்றேன்.

மறுநாள் காலையில், "அம்மா பசியாறிட்டாங்களா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டைப் பற்றி அப்படித்தான் விசாரிப்போம். அவர் பதறிப்போய், "நான் என்னைக்கும்மா பட்டினி கெடந்தேன்?" என்றார். அன்று முதல் வாயைக் கொஞ்சம் அளந்து திறந்தேன்.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினோம். பக்கத்திலிருந்த பூக்கூடைகளிலிருந்து மல்லிகை வாசம் வந்து டீசல் புகையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் டுரியான் பழம் அந்த வேலையைச் செய்யும். மண் எடுக்கிற இரும்புக் குழாயைத் தோளில் சாய்த்து ஏறியவளைப் பார்த்து நடத்துநர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"யக்கா, பீரங்கிய எங்கிட்டு கொண்டு போறீக?"

"மண் எடுக்கிற குழாய்ங்க."

"மண்ணு எடுக்க மம்பட்டி போதாதாக்கும்? சரி, இம்புட்டு நீளத்துக்கு லக்கேஜ் போட்டுத்தான் ஆகணும்."

சீட்டு வாங்கியும் குழாய்க்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. மேலே ஏற்றினார்கள். மேலூரைத் தாண்டியதும் ஒரு வளைவில் தடதடவென்று சத்தம், பின்னால் வந்த லாரிக்காரரின் வசவு. இறங்கி ஓடினோம். குழாயின் ஒரு முனை நசுங்கியிருந்தது, மீதி பிழைத்தது.

நாங்கள் போன சிற்றூரின் கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஆடுகள் அதன் நடுவில் மேய்ந்தன. கரை ஓரத்து நிலத்தில் தன் பழைய கிணற்றை ஆழமாக்கிக்கொண்டிருந்த சோணைமுத்து என்பவர் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார். நாற்பதைத் தாண்டிய, தாடைக்குள் எப்போதும் சோழவந்தான் வெற்றிலை அடக்கிய மனிதர். நசுங்காத முனையைக் கீழே வைத்து, எல்லோருமாகச் சுத்தியலால் அடித்துக் குழாயை இறக்கினோம். மேலே இழுத்து மண்ணைத் தள்ளிப் பார்த்தால், மிகப் பழைய மண் வரும் என்று நான் கணக்குப் போட்டிருந்த ஆழத்தில் ஒரு ஷாம்பு பாக்கெட் இருந்தது.

சோணைமுத்துதான் முதலில் சிரித்தார். "கோடைக்குக் கோடை கரம்பை அள்ளி வயலுக்கு அடிப்போம்ல மேடம். பள்ளம் விழுகும். அடுத்த தண்ணிக்கு அது தூந்துரும்."

கரம்பை என்பது கண்மாயில் படிகிற வண்டல். அதை அள்ளி வயலுக்குப் போடுவார்கள் என்று சுபத்ராவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏதோ மேலாகச் சுரண்டுவார்கள் என்று நினைத்திருந்தோம். தலைமுறை தலைமுறையாக அள்ளி, தூர்ந்து, மறுபடி அள்ளி, கண்மாய் முழுவதும் குழப்பிய கூட்டாஞ்சோறாக இருந்தது. இன்னும் இரண்டு இடங்களில் பார்த்தோம், எல்லாம் அதே கதை. எனக்கு மனம் சோர்ந்துவிட்டது.

"மண்ணுக்குள்ள கம்பி விடுறீகளே, தண்ணி எங்கன இருக்குன்னு சொல்வீகளா?" என்று கேட்டார் சோணைமுத்து. எனக்கு அந்த வித்தை தெரியாது என்றேன். அவருடைய கிணறு வற்றிவிட்டது. செங்கல் சூளைக்காரர் ஒருவர் அந்த நிலத்தை மண்ணுக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன், விற்றுவிட்டு இங்கே வாருங்கள் என்கிறான். "கடைசியா ஒருதடவ தோண்டிப் பாக்குறேன். ஆடி கழிஞ்சதும் பதில் சொல்றேன்னு சூளைக்காரர்ட்ட சொல்லிருக்கேன்" என்றார். மழை திரும்புமா என்று அவர் கேட்கவில்லை. முகத்தில் இருந்தது.

அவர் மனைவி பேச்சியம்மாள்தான் வேறொரு வழி சொன்னார். கண்மாய்க்குள்ளேயே ஒரு மூலையில் கன்னிமார் திடல் இருக்கிறது. ஏழு கன்னியருக்கு ஏழு கல். அங்கே யாரும் மண்வெட்டி வைப்பதில்லை. "ஆனா நாம்பளா போயி தோண்டப்படாது. பூக்கட்டிக் கேக்கணும்" என்றார்.

அதற்கு மறுநாள் குழாயைச் சீர்செய்யச் சிம்மக்கல்லில் அலைந்தோம். இரும்புக் கடைக்காரர் குழாயை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "இது போர் போடுறதும் இல்ல, பந்தக்காலும் இல்ல. என்னதாம்மா இது?" என்றார். பழைய மழையைப் பார்க்க என்று சொன்னாள் சுபத்ரா. அவர் எங்களையும் ஒரு முறை உருட்டிப் பார்த்துவிட்டு நசுங்கிய முனையை அறுத்துக் கொடுத்தார். அந்த வெயிலில் தெருவோரம் நின்று சூடாகப் பருத்திப்பால் குடித்தோம். பருத்தி விதையில் பால் எடுக்கலாம் என்று கண்டுபிடித்த ஊர், தண்ணீருக்கும் ஒரு வழி கண்டுபிடிக்காமலா போகும் என்று தோன்றியது.

பூக்கேட்கும் நாளில் பேச்சியம்மாள் குளித்து ஈரச் சேலையோடு வந்தார். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து, நூல் சுற்றி, எது எது என்று தெரியாதபடி குலுக்கிக் கல்லின் முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. சின்னப் பிள்ளை யாராவது எடுக்க வேண்டும்; பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போயிருந்தன. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஒண்ணுந் தெரியாத ஆளுதான் எடுக்கணும். இந்த ஊர்ல ஒண்ணுந் தெரியாதது நீங்கதான். எடுங்க தாயி."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். குனிந்து ஒன்றை எடுத்தேன். நூலைப் பிரித்தேன். உள்ளே சிவப்பு.

இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாமே என்று கூட்டத்தில் ஒருவர் முனகினார். "கேட்டுட்டு மறுபடி கேக்கப்படாது" என்று பேச்சியம்மாள் ஒரே பேச்சில் முடித்தார். எனக்கு அந்தக் கல்லின் மேல் நம்பிக்கை இருந்ததா என்றால், இல்லை. ஆனால் கேட்டவள் நான். கேட்டுவிட்டுப் பதில் பிடிக்கவில்லை என்று மீறுவதானால் முதலிலேயே கேட்டிருக்கக் கூடாது. குழாயைத் துணியில் சுற்றினேன். அழுகை வந்தது, அதை மறைக்கத் தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டேன்.

"மொகத்தத் தொங்கப் போடாதீக தங்கச்சி" என்றார் சோணைமுத்து. மேடம் எப்போது தங்கச்சி ஆனாள் என்று தெரியவில்லை. தன் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் கொடுத்தார். குடித்து முடித்ததும் மனிதர் மறுபடி ஆரம்பித்தார்: "வந்தது வந்தீக, ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டுப் போங்க. தண்ணி வருமா வராதா, உங்க மனசுல என்ன படுதோ சொல்லுங்க."

நான் தண்ணீர் பார்க்கிறவள் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. கூழ் குடித்த கடனுக்கு எட்டிப் பார்த்தேன்.

அகலமான பழைய கிணறு. ஒரு பக்கத்துக் கட்டுக்கல் சரிந்து, பின்னால் இருந்த மண் அப்படியே வெட்டி வைத்ததுபோலத் தெரிந்தது. மேலே வயல் மண். அதற்குக் கீழே கறுப்பு. அதன் கீழ் ஒரு சாணுக்கு வெளுத்த பட்டை. அதற்கும் கீழே மறுபடி கறுப்பு. நேராக, கோடு போட்டதுபோல.

"சுபத்ரா!" என்று கத்தினேன். கிணற்றில் விழுந்துவிட்டேன் என்று நினைத்து அவள் ஓடிவந்தாள்.

கண்மாய்க்குக் கரை போடுவதற்கு முன்னால் அது வெறும் பள்ளமாக இருந்திருக்கும். தண்ணீர் இந்த நிலம் வரை பரந்து நின்று மண் படிந்திருக்கும். கண்மாய்க்குள் இருந்த மண்ணை அள்ளி அள்ளிக் கலைத்துவிட்டார்கள். வயலிலிருந்து யார் மண் அள்ளுவார்கள்? கொண்டுவந்து கொட்டத்தான் செய்வார்கள். அடியில் இருந்தது அப்படியே இருந்துவிட்டது. சூளைக்காரர் வாங்கிவிட்டால் அதுவும் செங்கலாகிவிடும். எனக்கும் இப்போது ஆடி கழிவதற்குள் என்ற கணக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலை, கிணற்று மண்ணை மேலே தூக்குகிற டீசல் கிரேனின் இரும்புத் தொட்டியில் என்னை உட்காரவைத்து இறக்கினார்கள். தலையில் யாரோ ஒருவருடைய பைக் ஹெல்மெட். மேலே நின்ற கூட்டம் நான் இறங்கும்போதே கருத்துச் சொன்னது. "ஒல்லியா இருக்கதும் நல்லதுக்குத்தேன், கம்பி தாங்கும்" என்று ஒரு குரல் கேட்டது. சோணைமுத்து ஏணியில் இறங்கி, சரிந்த கல்லின் மேல் கால் ஊன்றித் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். நான் சுவரைக் கரண்டியால் சீவி, அடுக்கு கலையாமல் தகரப் பெட்டிகளை அழுத்தி அழுத்தி மண்ணை எடுத்தேன். சந்தோஷத்தில் எனக்கு வேர்த்ததே தெரியவில்லை.

"இந்த வெள்ளப் பட்டை என்னது?" என்று கேட்டார்.

"தண்ணி நின்ன காலத்து மண் கறுப்பு அண்ணே. இது மழை குறைஞ்ச காலம். காய்ஞ்சு காய்ஞ்சு சுண்ணாம்பு கட்டிப்போயிருக்கு, பாருங்க."

"சுக்கான் கல்லு" என்று தலையாட்டினார். பிறகு, "எம்புட்டு வருசம்?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. "சோதனை பண்ணினால்தான் சரியாத் தெரியும். ஆனா மூணு நாலு வருஷத்தில் முடிஞ்சது இல்லை. பல தலைமுறை இருக்கும்."

அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "அப்ப வித்துர வேண்டியதுதான்."

"இங்கே பாருங்க, இதுக்கு மேலே திரும்பவும் கறுப்பு. மழை திரும்பி வந்திருக்கு."

"வந்துச்சு சரி. நான் இருந்து பாக்கப் போறேனா?"

பல ஆயிரம் ஆண்டுகளைப் பற்றிப் பேசப் பழகியவளுக்கு, ஒரு மனிதனின் அடுத்த வெள்ளாமையைப் பற்றிப் பேசத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. சுவரைச் சீவுவதுபோலத் திரும்பிக்கொண்டேன். கரண்டி எதிலோ முட்டி ணங்கென்றது. சுக்கான் கல் என்று நினைத்து நெம்பினேன். கையில் வந்தது ஓர் ஓட்டுச் சில்லு. வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. பானையின் வளைவு இன்னும் இருந்தது.

மேலிருந்து விழுந்து செருகிக்கொண்டதா என்று சுற்றிலும் பார்த்தேன். எலி வளை இல்லை, வெடிப்பு இல்லை. அதற்கு மேலே இருந்த மண் கலையாமல் படிந்திருந்தது. சோணைமுத்து என் கையைப் பார்த்தார், சுவரில் குழி விழுந்த இடத்தைப் பார்த்தார்.

"வெள்ளப் பட்டைக்குள்ளயா கெடந்துச்சு?"

"நடுவிலே."

"அப்ப மழ இல்லாதப்பவும் இங்கன ஆளு இருந்திருக்காக."

ஒற்றைச் சில்லைக் கொண்டு ஓர் ஊரை எழுப்பிவிடக் கூடாது, வழிப்போக்கன் போட்டு உடைத்ததாகவும் இருக்கலாம் என்றேன். அவர் அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. "குடிக்கத் தண்ணிக்கு என்ன செஞ்சாக? என்னத்தத் தின்னாக?" என்று அடுக்கினார். கேள்வி கேட்கிற குரலே மாறியிருந்தது.

அன்று கிணற்றின் அடியில் ஈரம் மட்டும்தான் கண்டது.

சில்லைச் சுபத்ராவின் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். அது அங்கேயே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டேன். பானை வனையும்போது மண்ணோடு உமியைக் கலந்து பிசைந்திருந்தார்கள் போலும். உமி எரிந்துபோய் அச்சு மட்டும் ஓட்டில் நின்றது. உருப்பெருக்கியில் மாறி மாறிப் பார்த்தோம். நெல்லின் நீள உமி இல்லை. சிறிய, உருண்டையான ஏதோ ஒரு புன்செய்த் தானியம்; சாமையாக இருக்கலாம், குதிரைவாலியாக இருக்கலாம் என்றாள் சுபத்ரா. கிளம்புவதற்கு முந்தின நாள் இதைச் சொல்வதற்காகவே மறுபடி பஸ் ஏறினோம். குழாய் இல்லாததைப் பார்த்து அதே நடத்துநர் விசாரித்தார். தொழிலை விட்டுவிட்டேன் என்றேன்.

"குதிரவாலியா?" என்றார் பேச்சியம்மாள். "அதப் போட்டா கெணத்துத் தண்ணியே கேக்காதே. மானத்துல ரெண்டு தூத்தல் விழுந்தா எந்திரிச்சுக்கிரும்." கணவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கதான் நெல்லு நெல்லுன்னு கெடந்தீக."

சோணைமுத்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். நான் கிளம்பும்போது டீக்கடை போன் எண்ணை ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்து, "மழையப் பத்தி அங்கிட்டு ஏதும் தெரிஞ்சா போன் போடுங்க" என்றார். ஆடி கழிய இன்னும் சில நாள் இருந்தது.

தகரப் பெட்டிகள் உடையாமல் ஈப்போ வந்து சேர்ந்தன. என் கேள்விக்கு முழுப் பதில் இன்னும் வரவில்லை. ஆனால் மண் பேச ஆரம்பித்துவிட்டது, ஆராய்ச்சியும் நிற்கவில்லை. புரட்டாசியில் ஒரு சாயங்காலம், பயந்து பயந்து அந்த டீக்கடைக்குப் போன் போட்டேன். ஆள் அனுப்பிக் கூட்டிவரச் சொல்லி, காத்திருந்து மறுபடி அடித்தேன்.

"தங்கச்சி, நல்லாருக்கீகளா?" என்று கத்தினார் சோணைமுத்து.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "நிலம்?" என்றேன்.

"சூளைக்காரருக்கு இல்லன்னு சொல்லியாச்சு. மகனும் ரெண்டு நாள் லீவு போட்டு வந்து உழுதுட்டுப் போனான். குதிரவாலி வெதச்சிருக்கு."

"அப்போ மழை பெய்ஞ்சிருச்சா?"

"சொட்டு இல்ல. புழுதியிலதான் போட்டிருக்கோம்."

அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். மழை விழுந்த பிறகு விதைப்பது ஒரு வகை. வருகிற மழையை நம்பிக் காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட்டுக் காத்திருப்பது இன்னொரு வகை. மழை வராவிட்டால் விதையும் போச்சு. அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் மழை இறங்கியது.

"அங்கிட்டு என்ன சத்தம்? அடுப்புல வடை வேகுதா?"

"மழை அண்ணே."

அந்தப் பக்கம் ரிசீவரைக் காதோடு அழுத்துகிற உரசல் கேட்டது. பிறகு, "ஏ பேச்சி, இங்கிட்டு வா. மழ பெய்யுது, கேளு" என்ற குரல். நான் ஜன்னலைத் திறந்து, வயர் எட்டுகிற மட்டும் ரிசீவரை வெளியே நீட்டிப் பிடித்தேன். புறங்கையில் சாரல் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தபோது பேச்சியம்மாள் பேசிக்கொண்டிருந்தார்.

"போதும் தாயி, நனையாதீக. கைய உள்ள இழுத்துக்கங்க. எங்களுக்கு ஐப்பசியில வரும்."